வீடு கட்டியாச்சு... ஷெட்டுக்குக் காசு எங்கே? கடைசி நேரச் செலவைச் சமாளிக்க சில வழிகள்!

கிரகப்பிரவேசத்துக்குக் கட்டிய வாழைமரம் வாடுவதற்குள் அடுத்த கவலை ஆரம்பித்துவிடும். பைக் வெயிலில் நிற்கும். மிச்சமான டைல்ஸ், பெயின்ட் டப்பா, மண்வெட்டி எல்லாம் மாடிப்படிக்குக் கீழே குவிந்திருக்கும். 'பின்பக்கம் ஒரு ஷெட் போட்டால் தேவலை' என்று வீட்டில் பேச்சு எழும்போது, கையில் காசு இருக்காது.

காஞ்சிபுரம் மாவட்டம் வாலாஜாபாத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு இது பழகிய கதை. ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்த்து, மாதத் தவணையை நம்பி வீட்டை எழுப்பும் குடும்பங்களுக்கு, கடைசி ஒரு லட்சம்தான் பெரிய பாரம்.

சதுர அடி ரேட்டில் எது அடங்கும்?

கான்ட்ராக்டர் சொல்லும் சதுர அடி ரேட் பெரும்பாலும் வீட்டுக்கு மட்டும்தான். காம்பவுண்ட் சுவர், கேட், போர்வெல், மோட்டார், சம்ப், கிச்சன் கப்போர்டு, கொசுவலை, இன்வெர்ட்டர், ஷெட்... இவற்றில் எது உள்ளே, எது வெளியே என்பதை ஆரம்பத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். வெளியே இருப்பவற்றுக்குத் தனிப் பட்டியல் போட்டு, மொத்த பட்ஜெட்டில் 10 சதவிகிதத்தையாவது ஒதுக்கி வைப்பது நல்லது.

வங்கி முழுத் தொகையையும் தராது. ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடன், வீட்டின் மதிப்பில் 90 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. மீதி நம் கையிலிருந்துதான் வர வேண்டும்.

குறைந்த வட்டி, அதிகச் செலவு!

ஷெட்டுக்கு 1 லட்சம் ரூபாய் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 14 சதவிகித வட்டியில் 3 வருட தனிநபர் கடன் என்றால், மாதத் தவணை சுமார் 3,420 ரூபாய். மொத்த வட்டி சுமார் 23,000 ரூபாய். அதையே 9 சதவிகித வட்டியில் 15 வருட டாப்-அப் கடனாக வாங்கினால், தவணை சுமார் 1,014 ரூபாய்தான். ஆனால், மொத்த வட்டி 82,000 ரூபாயைத் தாண்டிவிடும். எனவே வட்டி விகிதத்தோடு வருடக் கணக்கையும் பாருங்கள். 6 மாதம் பொறுத்து, போனஸ் பணத்தில் போட முடிந்தால் இன்னும் நல்லது.

எந்த ஷீட் போடலாம்?

ஆஸ்பெஸ்டாஸ் விலை குறைவு. ஆனால், எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெட்டும்போதும் உடையும்போதும் பறக்கும் தூசுதான் ஆபத்து. குழந்தைகள் விளையாடும் இடத்தில் அது வேண்டாம். கலர் கோட்டிங் இரும்பு ஷீட் எடை குறைவு, சீக்கிரம் துருப்பிடிக்காது. ஆனால், வெயிலில் கொதிக்கும். உயரத்தைக் கூட்டி, காற்றோட்டம் விட்டால் சமாளிக்கலாம். துணி காயப்போட வெளிச்சம் வேண்டுமென்றால், நடுவில் ஒரு பாலிகார்பனேட் ஷீட் சேர்க்கலாம்.

காற்றுக்குத் தாங்குமா?

2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா புயலைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். பக்கம் திறந்த ஷெட்டுக்குள் காற்று புகுந்தால் கூரையை மேலே தூக்கும். பறக்கும் ஒரு ஷீட் பக்கத்து வீட்டுக்காரரின் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் ஷீட்டின் நிறத்தைவிட முக்கியம், அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவும் கம்பத்தைப் பிடித்திருக்கும் கான்கிரீட்டும்தான். கம்பத்தைத் தரையில் சும்மா நட்டுவிட்டுப் போக விடாதீர்கள்.

மழைநீரையும் யோசியுங்கள். 100 சதுர அடி கூரையில் 10 செ.மீ. மழை பெய்தால், சுமார் 930 லிட்டர் தண்ணீர் இறங்கும். சரிவு அடுத்த வீட்டுச் சுவர் பக்கம் இருந்தால் சண்டை நிச்சயம். உங்கள் மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கே குழாய் விட்டுவிடுங்கள்.

மேஸ்திரி இருக்கும்போதே...

வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலி இடத்தில் ஷெட் போடலாமா என்பதைப் பேரூராட்சி அலுவலகத்திலோ பொறியாளரிடமோ முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிய பிறகு பிரிப்பது இரட்டைச் செலவு.

இன்னொன்று. ஷெட் பின்னால் வரட்டும்; அதன் அடித்தளம் முன்னால் வரட்டும். வீட்டுக்குக் கான்கிரீட் போடும் நாளிலேயே நான்கு குழி தோண்டி, போல்ட் வைத்து நிரப்பிவிடுங்கள். மின்சாரத்துக்கு ஒரு பைப்பும் புதைத்துவிடுங்கள். பணம் சேர்ந்த பிறகு வெல்டரை மட்டும் கூப்பிட்டால் போதும். புதிதாகப் போட்ட தரையை உடைக்கும் வேலை மிச்சம்!