பட்டுத் துணியில் போன கடிதங்கள்



ஆகஸ்ட் மாதம் நெருங்கினால் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சுதந்திரப் போராட்டம் பற்றிப் பேச்சுப் போட்டி வைப்பார்கள். “நம்மவர்கள் யாரைப் பற்றியாவது எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டுப் பெற்றோர் சிலர் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருவதுண்டு. கையில் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியும் இருக்கும். அதில் பாதி உண்மை, பாதி மிகை. மேடையில் ஒரு பிள்ளை அதை முழங்கிவிட்டு, “இதற்கு ஆதாரம் என்னப்பா?” என்று ஆசிரியர் கேட்டால் விழிக்க வேண்டியதுதான். மிகைப்படுத்தத் தேவையே இல்லாத வரலாறு நம்மிடம் இருக்கும்போது அந்த நிலை எதற்கு? அதில் ஒன்றைத்தான் இம்மாதம் எழுதுகிறோம். உருதுவில் இதை ‘ரேஷ்மி ரூமால் தஹ்ரீக்’ என்பார்கள். பட்டுக் கடித இயக்கம் என்று நாம் சொல்லலாம்.

1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியது. பிரிட்டன் ஒரு பக்கம், ஜெர்மனி எதிர்ப்பக்கம். சில மாதங்களில் துருக்கியின் உஸ்மானியப் பேரரசும் ஜெர்மனியுடன் சேர்ந்தது. வெள்ளையனின் கை போரில் சிக்கியிருக்கும்போது வெளியிலிருந்து தாக்கினால் இந்தியாவை விடுவிக்கலாம் என்று கடல் கடந்து வாழ்ந்த இந்தியர் பலர் எண்ணினார்கள். சான்பிரான்சிஸ்கோவில் கதர் கட்சி, பெர்லினில் இந்தியர் குழு என்று அமைப்புகள் இயங்கின. அதே எண்ணம் தேவ்பந்த் மத்ரஸாவின் பாய் விரித்த வகுப்பறையிலும் இருந்தது என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி.

அங்கே தலைமை ஆசிரியராக இருந்தவர் ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூத் ஹசன் (ரஹ்). 1866-இல் அந்த மத்ரஸா தொடங்கியபோது முதல் மாணவராகச் சேர்ந்தவரும் அவர்தான். 1915-இல் தம் மாணவர் மௌலானா உபைதுல்லாஹ் சிந்தியைக் காபூலுக்கு அனுப்பிவிட்டு, தாம் ஹிஜாஸுக்குப் பயணமானார். உபைதுல்லாஹ் சிந்தி சியால்கோட் மாவட்டத்தில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதில் இஸ்லாத்தைத் தழுவியவர். ஆப்கான் அமீரைப் போரில் இறங்கச் செய்வது அவருக்கான வேலை. ஹிஜாஸில் துருக்கி அதிகாரிகளின் ஆதரவைப் பெறுவது உஸ்தாதின் வேலை. ஹிஜாஸின் துருக்கி ஆளுநர் காலிப் பாஷா ஓர் அறிக்கையும் எழுதிக் கொடுத்தார். ‘காலிப் நாமா’ என்ற அதன் பிரதிகள் எல்லைப்புறத்தில் பரவின.

உபைதுல்லாஹ் காபூல் சேர்ந்த அதே அக்டோபரில் ஜெர்மானியத் தூதுக்குழு ஒன்றும் அங்கே வந்து சேர்ந்தது. அதில் இரண்டு இந்தியர் முக்கியமானவர்கள். ஒருவர் ராஜா மகேந்திர பிரதாப், உத்தரப் பிரதேச ஜமீன் குடும்பத்துப் பிள்ளை. மற்றவர் போபால் மௌலானா பரக்கத்துல்லாஹ். டோக்கியோவில் ஹிந்துஸ்தானி மொழிப் பேராசிரியராக இருந்தவர் இவர். பிரிட்டிஷ் எதிர்ப்பு எழுத்துக்காக அந்த வேலை பறிபோனதும் அமெரிக்கா சென்று கதர் கட்சியில் சேர்ந்தார்.

1915 டிசம்பர் 1 அன்று இவர்கள் காபூலில் இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார்கள். ஜனாதிபதி மகேந்திர பிரதாப், பிரதமர் பரக்கத்துல்லாஹ், உள்துறை உபைதுல்லாஹ். வெளியுறவுக்குப் பெர்லினில் இருந்த செண்பகராமன் பிள்ளையின் பெயர் குறிக்கப்பட்டது. திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழர் அவர். (எம்டன் கப்பலில் வந்து சென்னை மீது குண்டு போட்டார் என்று அவரைப் பற்றி நம் பக்கம் சொல்லப்படும் கதைக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. பேச்சுப் போட்டியில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.)

மௌலவிகள் கூடி அமைத்த அரசுக்கு ஒரு ஹிந்து ஜனாதிபதி. அதை அவர்கள் சலுகையாக நினைக்கவில்லை, விளம்பரமும் செய்யவில்லை. இன்று “உங்கள் மத்ரஸாக்களில் என்ன சொல்லித் தருகிறீர்கள்?” என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு பட்டியலைக் காட்டினால் போதும் என்பது எங்கள் எண்ணம்.

ஆனால் அமீர் ஹபீபுல்லாஹ் அசையவில்லை. ஜெர்மானியரோடு ஒப்பந்த வரைவு எழுதினார். பிரிட்டிஷாரிடம் வாங்கிவந்த மானியத்தையும் விடவில்லை. 1916 மே மாதம் ஜெர்மானியர் புறப்பட்டுப் போனார்கள். இந்நிலையில்தான் உபைதுல்லாஹ், ஹிஜாஸில் இருந்த தம் உஸ்தாதுக்கு விவரம் எழுத உட்கார்ந்தார். ஹிஜ்ரி 1334 ரமளான் பிறை 8, அதாவது 1916 ஜூலை 9. உடனிருந்த மௌலானா முஹம்மத் மியான் அன்சாரியும் எழுதினார். எழுதியது மஞ்சள் பட்டுத் துணியில். தாளானால் சோதனை போடும்போது சரசரக்கும், வியர்வையில் ஊறும். துணியை உடைக்குள் வைத்துத் தைத்துவிட்டால் கைக்குத் தட்டுப்படாது.

கடிதத்தில் தற்காலிக அரசாங்கத்தின் செய்திகளும், ‘அல் ஜுனூதுர் ரப்பானிய்யா’ என்ற படைத் திட்டமும் இருந்தன. மதீனா தலைமையகம், ஷைகுல் ஹிந்த் தலைமைத் தளபதி. கான்ஸ்டாண்டிநோபிள், தெஹ்ரான், காபூல் ஆகியவை துணை மையங்கள். யார் யாருக்கு என்ன பதவி என்ற பெயர்ப் பட்டியலும் இருந்தது. பெயர்களை அப்படி எழுதியிருக்கக் கூடாது என்று இன்று நமக்குத் தோன்றுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கடிதம் எழுதப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே மக்காவில் ஷரீஃப் ஹுசைன் பிரிட்டிஷார் துணையோடு துருக்கிக்கு எதிராகக் கிளம்பிவிட்டார். திட்டம் எந்த நிலத்தை நம்பி நின்றதோ, அந்த நிலமே கைமாறிக்கொண்டிருந்தது.

துணிகளைச் சுமந்து வந்தவர் அப்துல் ஹக். சிந்து ஹைதராபாத்தில் ஷைக் அப்துர் ரஹீமிடம் அவற்றைச் சேர்ப்பிக்க வேண்டும். அங்கிருந்து அவை ஹிஜாஸ் போகும். ஆனால் வழியில் அவர் முல்தானில் கான் பகதூர் ரப் நவாஸ் கானைப் பார்க்கப் போனார். காரணம் உண்டு. 1915 பிப்ரவரியில் லாகூர் கல்லூரி மாணவர் 15 பேர் படிப்பை விட்டு எல்லை தாண்டிப் போயிருந்தார்கள். அவர்களில் கானின் மகன்களும் உண்டு. அப்துல் ஹக் அந்தப் பிள்ளைகளோடு போனவர். பிள்ளைகளின் நலம் சொல்ல வந்தவரிடம் கான் துருவித் துருவி விசாரித்தார். விஷயம் வெளிவந்தது. பட்டுத் துணிகள் அந்தத் தகப்பன் கையிலிருந்து ஆங்கிலேயக் கமிஷனர் கைக்குப் போயின. அரசு விசுவாசமா, பிள்ளைகளைப் பறிகொடுத்த கோபமா, இரண்டுமா, அல்லாஹ் அறிவான்.

பட்டியலில் இருந்தவர்கள் மீது போலீஸ் பாய்ந்தது. ஷைகுல் ஹிந்தை ஷரீஃப் ஹுசைனின் ஆட்கள் கைது செய்து பிரிட்டிஷாரிடம் ஒப்படைத்தார்கள். 1917 முதல் 1920 வரை அவர் மால்டா தீவில் போர்க்கைதி. அறுபதைக் கடந்த வயது, ஐரோப்பியக் குளிர். மௌலானா ஹுசைன் அஹ்மத் மதனீ உஸ்தாதைத் தனியே விடாமல் உடன் இருந்தார். உடனிருந்த ஹகீம் நுஸ்ரத் ஹுசைன் அந்தத் தீவிலேயே வஃபாத்தானார். ஷைகுல் ஹிந்த் திருக்குர்ஆனின் உருது மொழிபெயர்ப்பை அங்கே வைத்துத்தான் முடித்தார்.

கடிதம் போய்ச் சேரவில்லை; ஆனால் வீணாகவும் போகவில்லை. 1918-இல் ரௌலட் குழு தன் அறிக்கையில் பட்டுக் கடிதங்களுக்குத் தனி இடம் கொடுத்தது. (குழுவில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி குமாரசுவாமி சாஸ்திரியும் ஓர் உறுப்பினர்.) இப்படிப்பட்ட சதிகளைக் காட்டித்தான் 1919-இல் ரௌலட் சட்டம் வந்தது. அதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியின் நடுவேதான் ஜாலியன்வாலா பாக். அதன்பின் நாடு போராடிய வழியே மாறியது.

ஷைகுல் ஹிந்தும் மாறினார். 1920 ஜூனில் பம்பாய் வந்து இறங்கியவர், அந்நிய நாட்டுப் படைகளை எதிர்பார்த்த பழைய வழியை விட்டு, ஒத்துழையாமை இயக்கத்துக்கு ஆதரவு தந்தார். அக்டோபர் 29 அன்று அலிகரில் ஜாமியா மில்லியா தொடக்க விழாவில் அவர் உரையை வேறொருவர் வாசிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு உடல்நலக் குறைவு. நவம்பர் 30 அன்று டெல்லியில் வஃபாத்தானார்.

பரக்கத்துல்லாஹ் மீண்டும் ஊர் பார்க்கவில்லை. 1927 செப்டம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் இறந்தார். கப்ர் சாக்ரமெண்டோ நகரில் இருக்கிறது. போபால் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. உபைதுல்லாஹ் சிந்தி மாஸ்கோ, துருக்கி, மக்கா என்று அலைந்து 1939-இல்தான் திரும்பினார். மகேந்திர பிரதாப் திரும்பியது 1946-இல். பட்டுக் கடித இயக்கத்துக்கு 2013-இல் இந்திய அஞ்சல் துறை ஒரு தபால்தலை வெளியிட்டது. பிள்ளைகள் பேசப் போகும்போது அதன் படத்தையும் கொண்டுபோகலாம்.