கோழிகள் கற்பித்த பாடம்

"இரண்டு பாதங்களும் மரத்திருக்கின்றன, எறும்பு ஊறுவது போலிருக்கிறது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், 'வாயு' என்று தைலம் தேய்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். கை கால்களுக்குச் செல்லும் நரம்புகள் பல ஏககாலத்தில் நலிவதன் அறிகுறியாக அது இருக்கலாம். அவற்றுள் மிக நீண்டவை பாதத்துக்குச் செல்பவை. ஆற்றில் நீர் குறைந்தால் கடைமடை வயல் முதலில் காய்வதுபோல, போஷணை குன்றினால் முதலில் வாடுபவையும் அவையே.

இவ்வகை வியாதிகளில் ஒன்று பெரிபெரி. டச்சுக்காரர் ஆண்ட ஜாவாத் தீவில், இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டேவியா நகரில், டாக்டர் எய்க்மன் அதற்குக் காரணமான கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். 1889-இல் அவருடைய ஆராய்ச்சிக் கோழிகளே கால் தள்ளாடி விழுந்தன; சில மாதங்களில் தாமாகவே குணமும் அடைந்தன. விசாரித்தபோது விஷயம் வெளிப்பட்டது. ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற காலத்தில் அவை நோயுற்றன. புதிதாக வந்த சமையற்காரர் அச்சோற்றைத் தர மறுக்கவே, தீட்டாத அரிசிக்கு மாறிப் பிழைத்தன!

வெள்ளையரிசியில் விஷம் இருப்பதாக எய்க்மன் எண்ணினார். விஷம் அன்று, தவிட்டோடு போய்விட்ட ஒரு சத்தின் குறைவே காரணம் என்று 1901-இல் கிரைன்ஸ் கூறினார். தையாமின் எனப்படும் அந்தச் சத்தை 1926-இல் அதே நகரில் பிரித்தெடுத்தனர். 1929-இல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அக்காலத்து மலேயாவில், தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் பலர் பெரிபெரியால் மடிந்தனர்; புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளருக்கோ அது அரிதாகவே வந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தையாமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பெயர் அறியாமலே நம் பாட்டிமார் அதைக் காத்து வந்தனர். ஆனால் அரிசியைப் பலமுறை களைந்தாலும், கஞ்சியை வடித்துக் கொட்டினாலும் அச்சத்து நீரோடு போய்விடும்.

இன்று நம் வீடுகளில் நரம்புகளை மிகுதியாக நலியச் செய்வது நீரிழிவு. மதுப்பழக்கம், வைட்டமின் பி12 குறைவு, சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். ஆகவே பாதம் மரத்தால் தாமதியாமல் வைத்தியரிடம் சென்று இரத்தச் சர்க்கரையைச் சோதிக்கச் செய்வோம். சத்துக் குறைவை விரைவில் கண்டுகொண்டால் பெரும்பாலும் சரிசெய்யலாம். காலம் கடந்தால் நரம்புகள் முழுதும் தேறுவது கடினம். உணர்ச்சியற்ற காலில் முள் தைத்தாலும் தெரியாதாகையால், தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

எய்க்மன் கோழிகளின் தீனியை விசாரித்ததுபோல, வைத்தியரும் நாம் உண்பதையும் குடிப்பதையும் விசாரிப்பார். வெட்கத்தால் எதையும் மறைக்க வேண்டாம்.