ஆவி பிடித்து ஆற்றில் குதி: நெல்லைச் சீமையே ஒரு சௌனா, தெரியுமா?

பின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம். அங்கே இருக்கும் சௌனாக்கள் 30 லட்சத்துக்கும் மேல்! வீட்டுக்கு வீடு, ஏரிக்கரைக்கு ஏரிக்கரை, ஏன், நாடாளுமன்றத்துக்குள்ளேயே ஒன்று உண்டு. சின்ன மர அறை, அடுப்பின் மேல் குவித்த கற்கள், 80 டிகிரிக்கு மேல் சூடு. வேர்த்து ஊற்ற ஊற்ற உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே ஓடி, உறைந்த ஏரியில் துளை போட்டு அதற்குள் இறங்குகிறார்கள். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தப் பழக்கத்தைத் தன் பண்பாட்டுப் பட்டியலிலும் ஏற்றிவிட்டது. பலே! ஆனால் மர அறையும் கட்டாமல், பனிக்கட்டியும் உடைக்காமல் இதே வேலையைத் தாமிரபரணிக்காரர்கள் செய்துகொண்டிருக்கிறார்களே, அது தெரியுமா?

முதலில் சூட்டைப் பார்ப்போம். சித்த மருத்துவம் வகுத்த 32 புற மருத்துவ முறைகளில் ஒன்று வேது! நொச்சி இலை, வேப்பிலை, மஞ்சள் போட்டுக் கொதிக்கவைத்த சருவப்பானையை முன்னால் வைத்து, கம்பளியால் தலையோடு மூடிக்கொண்டு உட்கார வேண்டும். எங்கள் ஆச்சி அதோடு விடமாட்டாள். அடுப்புக்குள் செக்கச் சிவக்கக் காய்ந்த செங்கல் துண்டை இடுக்கியால் தூக்கிவந்து பானைக்குள் போடுவாள். 'ஸ்ஸ்ஸ்' என்று சீறிக்கொண்டு ஆவி கிளம்பும். கம்பளிக்குள் கண் தெரியாது, மூக்கு ஒழுகும், நொச்சி வாடை மண்டைக்குள் ஏறும். "ஏல, போர்வையத் தொறந்தே, முதுகு பழுத்துரும்!" என்று வெளியிலிருந்து குரல் மட்டும் வரும்.

கவனித்தீர்களா? பின்லாந்துக்காரர் சுடுகல்லின் மேல் தண்ணீர் ஊற்றுகிறார். ஆச்சி தண்ணீருக்குள் சுடுகல்லைப் போட்டாள். ஆள் மாறினாலும் அறிவியல் ஒன்றுதான்! இன்னும் கேளுங்கள். அந்தக் கல்லிலிருந்து எழும் நீராவிக்கு அவர்கள் மொழியில் 'லொய்லு' என்று பெயர். ஆதியில் அந்தச் சொல்லுக்கு உயிர், ஆன்மா என்று பொருளாம். தமிழில்? ஆவி! இட்லிப் பானையிலிருந்து வருவதும் ஆவி, உடம்பை விட்டுப் போவதும் ஆவி. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே இடத்தில் வந்து முட்டுவதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் நாம் பின்லாந்து இல்லை. வேது முடிந்த கையோடு கிணற்றடிக்குப் போனால் ஆச்சி தோலை உரித்துவிடுவாள். வேர்வையைத் துடைத்து, சுக்குக் காப்பி கொடுத்து, படுக்கப் போட்டுவிடுவாள். சுடச்சுடக் குதிப்பதெல்லாம் மே மாதத்து வேலை, அதற்கு இடம் ஆறு!

அக்னி நட்சத்திரத்தில் ஆற்றுக்குள் துருத்திக்கொண்டிருக்கும் பாறைகளைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பையன்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஆற்றில் முங்கி எழுந்து, ஈர உடம்போடு அந்தப் பாறையில் குப்புறப் படுக்கிறார்கள். முதலில் 'ஆ, ஊ' என்று துள்ளல். அப்புறம் வயிற்றுக்கடியில் ஈரம் வெதுவெதுப்பாகி, தோள் இளகி, கண் சொக்கும். தாங்காதபோது உருண்டு மறுபடி தண்ணீருக்குள் தொபுக்கடீர்! பாறையில் படுத்தவன் உடம்பு அச்சாகப் பதிந்திருக்கும். தலை, தோள், இரண்டு கால். நீங்கள் பார்க்கப் பார்க்கக் கால் மறையும், அப்புறம் தோள், கடைசியில் வயிறு இருந்த இடம். அவன் திரும்பி வருவதற்குள் ஆளே இருக்கமாட்டான்!

இனி குளிருக்கு வருவோம். ஜூனில் பாளையங்கோட்டையில் நின்றால் அனல் காற்று முகத்தில் அறைகிறது. அதே நாளில், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கும் குற்றாலத்தில் சாரல்! எப்படி? தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டும்போது பெரும்பகுதி மழையைக் கேரளப் பக்கமே கொட்டிவிடுகிறது. ஆரியங்காவு கணவாய் வழியாகக் கொஞ்சம் ஈரம் நுழைந்து, செங்கோட்டை, தென்காசி, குற்றாலத்தை மட்டும் நனைத்துவிட்டுப் போகிறது. கிழக்கே வரவர ஈரம் வற்றி, நெல்லைக்கு வந்து சேரும்போது அது வெறும் சுடுகாற்று. ஒரே காற்று, மேற்கே குளிர்தொட்டி, கிழக்கே சூட்டறை!

குற்றால அருவியில் அவ்வளவு உயரத்திலிருந்து விழும் தண்ணீர் மண்டையைப் பிளக்காதது ஏன் தெரியுமா? பேரருவி நேராகத் தலையில் விழுவதில்லை. நடுவழியில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பாறைக்கிண்ணத்தில் விழுந்து, கோபம் தணிந்து, பொங்கி வழிந்துதான் நம்மிடம் வருகிறது. தணிந்த கோபமே இந்த லட்சணம்! உச்சந்தலையில் நூறு பேர் தாளம் போடுவதுபோல் இருக்கும். உள்ளே நுழைந்ததும் ஒரு மூச்சு தானாக இழுத்துக்கொள்ளுமே, அது பயமல்ல, தோல் திடீரெனக் குளிரும்போது உடம்பு செய்யும் அனிச்சைச் செயல். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைப் பிடுங்குகிறது. 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், 14 டிகிரித் தண்ணீரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்த இளைஞர்களின் ரத்தத்தில் நார்அட்ரினலின் 530 சதவீதம் கூடியது, டோபமின் 250 சதவீதம்! குற்றாலத் தண்ணீர் அவ்வளவு சில்லென்று இருக்காது, யாரும் நம்மை ஒரு மணி நேரம் நிற்கவும் விடமாட்டார்கள். பின்னால் வரிசை நிற்கிறது அல்லவா?

அருவி மின்சாரமும் செய்யும், தெரியுமா? அணை கட்டி எடுப்பதைச் சொல்லவில்லை. நீர்த்துளி பாறையில் மோதிச் சிதறும்போது மின்னேற்றம் பிரிந்து, சுற்றிலும் உள்ள காற்றில் எதிர்மின் ஏறுகிறது என்று 1892-இலேயே எழுதினார் பிலிப் லெனார்டு. (1905-இல் அவர் நோபல் வாங்கியது வேறொன்றுக்கு, கேத்தோடு கதிர் ஆராய்ச்சிக்கு.) சாரலில் மனசு லேசாவதற்கு இந்த மின்சாரம்தான் காரணம் என்கிறவர்கள் உண்டு. பாதிக் காரணம் ஆபீசுக்கு லீவு போட்டதுதான் என்பது என் கட்சி.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பது ஒரு காலத்துச் சொர்க்கம். இப்போது எண்ணெய், சீயக்காய், சோப்பு எதற்கும் அருவியில் அனுமதி இல்லை. தண்ணீர் பிழைக்க வேண்டுமே, நியாயம்தான்! இதயக்கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சூட்டிலிருந்து குளிருக்குத் தாவக் கூடாது. தண்ணீர் நிறம் மாறினாலோ, அபாயச் சங்கு ஊதினாலோ மறு பேச்சில்லாமல் வெளியே வந்துவிட வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனது.

உங்கள் தலையில் விழுந்த தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது தெரியுமா? சிற்றாறாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, புன்னக்காயலில் கடலைத் தொடுகிறது. நீங்கள் போவதோ பிரானூர் பார்டருக்கு. குளித்த பசிக்கு அங்கே பரோட்டா எண்ணிச் சாப்பிட்டவரை நான் பார்த்ததில்லை. பிறகு திருநெல்வேலி பஸ். ஜன்னல் கம்பியில் ஈரத் துண்டைக் கட்டிவிடுங்கள். ஆலங்குளம் தாண்டுவதற்குள் அது அப்பளமாக விறைத்திருக்கும்.