சூரியகாந்தித் தளிர்

சூரியகாந்தி என்றதும் எண்ணெயையே நினைக்கும் நமக்கு, அதன் விதையை முளைக்கவிட்டு, இரண்டு வித்திலைகள் விரிந்த பருவத்திலேயே தண்டோடு கத்தரித்துப் பச்சையாகத் தின்னும் வழக்கம் சற்றே விநோதமாகத் தோன்றலாம். ஆயினும் 'மைக்ரோகிரீன்' என்ற பெயரில் நகரத்துக் கடைகளில் விற்கும் தளிர்களுள் ருசியில் முதல் ஸ்தானம் இதற்கே உரியது என்பது என் அபிப்பிராயம். கடுகுத் தளிரில் காரமும் வெந்தயத் தளிரில் கசப்பும் மேலோங்கி நிற்க, இதிலோ பருத்த இலையும் நீர் ததும்பும் தண்டும் பல்லில் பட்டதும் நொறுங்கி, பச்சை வேர்க்கடலையை ஒத்த சுவையை முதலில் தந்து, பின்னர் நாவில் இலேசான புளிப்பை நிறுத்திப் போகின்றன.

எண்ணெயையும் புரதத்தையும் தன்னுள் சேமித்து வைத்திருந்த பருப்பே மண்ணுக்கு மேல் வந்து பச்சை இலையாக மாறுவதுதான் இந்தச் சுவைக்குக் காரணம். அடுத்த ஜோடி இலைகள் தலைகாட்டினால் சொரசொரப்பும் கசப்பும் வந்துவிடுமாதலால், விதைத்த எட்டு முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் அறுத்துவிட வேண்டும். விதையை ஓர் இரவு ஊறவைத்து, தேங்காய் நார்த்தூள் பரப்பிய தட்டில் நெருக்கமாகத் தூவி, முதல் மூன்று நாட்கள் மேலே பாரம் வைத்து இருட்டில் விட்டால் தண்டு தடிக்கும். தோலும் எளிதில் கழலும்.

ஆரோக்கிய விஷயத்தில் பிரசாரம் சற்று அதிகம். அமெரிக்க விவசாய இலாகாவும் மேரிலண்ட் சர்வகலாசாலையும் சேர்ந்து 2012-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முற்றிய கீரையைவிடப் பல மடங்கு வைட்டமின்கள் இளந்தளிர்களில் இருப்பதாகக் கண்டது உண்மையே. ஆனால் அங்கே சோதித்த 25 வகைகளில் சூரியகாந்தி இல்லை என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. பச்சையாக உண்ணும் எந்த இளங்கீரையையும் போல, சமைத்தால் குறைந்துபோகும் சி வைட்டமினையும், நார்ச்சத்தையும் இது தருகிறது. அதற்கு மேல் சர்வரோக நிவாரணியாக இதைக் கருதுவது பேதைமை. தயிர்ப் பச்சடியிலோ, அடுப்பிலிருந்து இறக்கிய சுண்டலிலோ ஒரு பிடி தூவி, ருசிக்காகவே உண்பதுதான் உசிதம்.

இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை உட்கொள்வோர், பச்சிலைகளில் உள்ள கே வைட்டமின் அந்த மருந்தின் வேலையைக் குறைக்குமாதலால், வைத்தியரைக் கேட்டே இதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். வயலில் விதைப்பதற்கென்று விற்கும் விதைகளில் பெரும்பாலும் பூச்சிமருந்தோ பூஞ்சணக்கொல்லியோ தடவியிருப்பார்கள். நிறம் பூசிய அவ்விதைகளை நாடாமல், மருந்து கலவாத உண்ணும் விதைதானா என்று கடைக்காரரிடம் கேட்டுத் தெளிந்து வாங்குங்கள்.