இறக்கை இல்லாத ஃபேரியும் ஏரிக்கரை கன்னிமாரும்

ஃபேரின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? விரல் அளவு பொண்ணு, பளபளக்கிற இறக்கை, கையில மந்திரக்கோல். சரிதானே? இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச நம்ம எல்லாருக்கும் கன்னிமாருக்கு முன்னாடி டிங்கர்பெல் தான் அறிமுகம். இப்போ ரீல்ஸ் திறந்தா "ஃபேரிக்கு வீட்டுல பலிபீடம் வைப்பது எப்படி"ன்னு யாராவது மெழுகுவர்த்தி ஏத்திக் காட்டுறாங்க. ஆனா அயர்லாந்து கிராமத்துல ஒரு பாட்டிகிட்ட போய் ஃபேரி அழகா இருக்கும்னு சொல்லியிருந்தா, முதல்ல வாயை மூடச் சொல்லியிருப்பாங்க.

அங்கே அவங்க பேரையே சொல்ல மாட்டாங்க. "நல்லவங்க"ன்னு தான் சொல்வாங்க. நல்லவங்க என்பதால இல்ல, பயத்துனால. நம்ம ஊர்லயும் இது உண்டு. கடிச்சா ஆளையே கொல்லுற பாம்புக்கு நல்ல பாம்புன்னு பேரு. ராத்திரி ஆனா பாம்புன்னே சொல்லக்கூடாது, பூச்சின்னு தான் சொல்லணும். உடம்பெல்லாம் கொப்புளம் போட்டா அம்மா வந்திருக்கான்னு சொல்றோம். அதே தந்திரம் தான்.

ஃபேரிக்கு இரும்பு ஆகாதுன்னு அயர்லாந்துலயும் ஸ்காட்லாந்துலயும் நம்பினாங்க. தொட்டில் பக்கத்துல இரும்பு வைப்பாங்க. நம்ம வீட்டுல கறிக்குழம்பை வேற ஊருக்குக் கொண்டுபோனா, தூக்குவாளியில கரித்துண்டும் ஆணியும் போட்டு அனுப்புவாங்க, கவனிச்சிருக்கீங்களா? ரெண்டு ஊருக்கும் தொடர்பு இருந்துச்சுன்னு நான் சொல்ல வரல. வெளிச்சம் இல்லாத வழியில நடந்த எல்லா மக்களுக்கும் ஒரே மாதிரி பயம் வந்திருக்கு, அவ்வளவுதான்.

இந்த "நல்லவங்க" யாரு? அயர்லாந்தின் பழைய கதைப்படி அவங்க தோத்துப்போன தெய்வங்கள். தூஹா டே டானன்னு ஒரு கூட்டம் அந்தத் தீவை ஆண்டுச்சாம். பின்னாடி வந்த மனுஷங்ககிட்ட தோத்ததும், நிலத்துக்கு மேல மனுஷன், கீழ அவங்கன்னு பங்கு பிரிச்சாங்களாம். புல் மூடின மேடுகளுக்குள்ள போய் குடியேறினாங்க. அந்த மேட்டுக்குப் பேரு ஷீ. அதுவே அவங்களுக்கும் பேராயிடுச்சு.

சிதம்பரத்துல படிக்கிறவங்களுக்கு இது கேட்ட கதை மாதிரி இருக்கணும். நடராஜரோட ஆடித் தோத்த காளி எங்க இருக்கா? ஊருக்கு நடுவுல இல்ல, வடக்கு எல்லையில, தில்லைக்காளியா. அந்தத் தில்லை மரமும் லேசுப்பட்டது இல்ல. அதோட பால் கண்ணுல பட்டா பார்வையே போகலாம். ஊருக்கே பேரு கொடுத்த அந்த மரத்தைக் காடா பார்க்கணும்னா இப்போ பிச்சாவரத்துக்குப் படகு ஏறணும். தோத்த தெய்வத்தை அழிக்கிறது இல்ல, எல்லைக்கு அனுப்புறாங்க. அங்க அவங்களுக்கு பலம் கூடுது, நமக்குப் பயம் கூடுது.

ஆனா ஃபேரிக்கு நம்ம பக்கத்துல ரொம்பக் கிட்ட வர்றது காளி இல்ல, கன்னிமார் தான். கடலூர் மாவட்டத்துல ஏரிக்கரை, குளக்கரை, வயல் வரப்புன்னு நடந்தா எங்கேயாவது ஏழு கல்லு, இல்ல ஏழு செங்கல்லு வரிசையா இருக்கும். மஞ்சள், குங்குமம், காஞ்ச பூ. கூரை கூட இருக்காது. பிராமி, வராகின்னு கோயில்ல இருக்கிற சப்த மாதர்களோட இவங்களை ஒண்ணாக்கிச் சொல்றது உண்டு. ஆனா பல ஊர்ல இவங்களுக்குத் தனிப்பேரே கிடையாது. ஏழு பேர், தண்ணியில குளிக்க வருவாங்க, உச்சி வேளையில குறுக்க போகாதே, அவ்வளவுதான் தகவல். கல்யாணம் ஆகாம செத்த பொண்ணுங்க, சுமங்கலியா செத்தவங்க பூவாடைக்காரியாகிப் புடவையும் பூவும் வாங்கிக்கிறதும் இந்தப் பக்கம் தான். அயர்லாந்துலயும் செத்தவங்களைப் ஃபேரி கூட்டத்துல பார்த்ததா நிறைய கதை இருக்கு.

பிச்சாவரம் பக்கமும் இருக்கிற இருளர் மக்களுக்குக் கன்னியம்மா தான் குலசாமி. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில ஆயிரக்கணக்குல கூடுவாங்க. கோவிச்சுக்கிட்டு கடலுக்குள்ள போன அம்மாவைச் சமாதானம் பண்ணி வீட்டுக்குக் கூப்பிடுறதுதான் விஷயம். மணல்ல ஏழு படி கட்டி பூசை, அங்கேயே கல்யாணமும் நடக்கும்.

ரீல்ஸ்ல வர்ற விக்கா இதுல எங்க வருது? ஜெரால்ட் கார்ட்னர்னு ஒரு ஆங்கிலேயர். 1900ல பதினாறு வயசுல இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். அந்தத் தோட்டங்கள்ல வேலை செஞ்சவங்க பெரும்பாலும் இங்கிருந்து கப்பலேறிப் போன தமிழங்க. பின்னாடி மலாயாவுல அரசு வேலை. பிரிட்டன்ல சூனியச் சட்டத்தை 1951ல ரத்து செஞ்சாங்க, 1954ல அவர் விக்காவை வெளியில சொல்லிப் புத்தகம் போட்டார். ரொம்பப் பழைய மதம்னு அவர் சொன்னாலும், இருபதாம் நூற்றாண்டுல கலந்து செஞ்சதுன்னு தான் வரலாற்று ஆய்வாளர் ரொனால்ட் ஹட்டன் மாதிரி ஆட்கள் காட்டியிருக்காங்க. புதுசா இருக்கிறதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா இன்னைக்கு அந்த வழியில இருக்கிற பலர் ஃபேரியைத் தோழி மாதிரி கூப்பிட்டு, தேனும் பாலும் வச்சு வரம் கேட்கிறாங்க. பழைய ஆளுங்களும் பால் வச்சாங்க. அது வீட்டுக்குள்ள வராம இருக்க.

இங்க தான் நான் கொஞ்சம் சீரியஸாகணும். 1895, அயர்லாந்தின் டிப்பரரி. பிரிஜிட் கிளியரின்னு 26 வயசுப் பொண்ணு, துணி தைச்சு சொந்தமா சம்பாதிச்சவ. காய்ச்சல்ல படுத்தா. அவ புருஷன், இது என் பொண்டாட்டி இல்ல, ஃபேரிங்க அவளைத் தூக்கிட்டுப் போய் மாத்தி வச்ச உருவம்னு முடிவு பண்ணான். சொந்தக்காரங்க கண் முன்னாடியே எரிச்சுக் கொன்னான். பதினஞ்சு வருஷம் ஜெயில்ல இருந்தான். "பிடிச்சிருக்கு"ன்னு சொல்லி ஒரு பொண்ணை வேப்பிலையால அடிக்கிறதை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. கவனிங்க, பேய் பிடிச்சதா சொல்லப்படுறது பெரும்பாலும் யாருக்கு? புதுசா கல்யாணமான பொண்ணு, பரீட்சையில தோத்த பொண்ணு, சொன்ன பேச்சு கேட்காத பொண்ணு. ஹாஸ்டல்ல யாராவது தூங்காம, சாப்பிடாம, தனியா பேசிக்கிட்டு இருந்தா எலுமிச்சம்பழம் தேடாதீங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. கதை ஒரு இடத்தைப் பத்திச் சொல்றவரை பரவாயில்ல. ஒரு ஆளைக் கைகாட்ட ஆரம்பிச்சா ஆபத்து.

இடத்தைப் பத்தின கதைக்கு இன்னொரு பலன் உண்டு. சிவில் பசங்க இதைக் கேளுங்க. அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்துல லட்டூன்னு ஒரு இடம். 1999ல பைபாஸ் ரோடு போடுறப்போ வழியில ஒரு வெள்ளைமுள் புதர் வந்துச்சு. ஃபேரிங்க சண்டைக்குப் போற வழியில கூடுற இடம் அது, வெட்டினா ரோட்டுல உயிர்ப்பலி நடக்கும்னு எட்டி லெனிஹன் என்கிற கதைசொல்லி பத்திரிகைக்கு எழுதினார். என்ஜினியருங்க சிரிச்சாங்களோ என்னவோ, புதரை விட்டுட்டு ரோடு போட்டாங்க. 2002ல யாரோ ரம்பத்தால கிளையெல்லாம் வெட்டிட்டாங்க. அது திரும்பத் துளிர்த்துச்சு.

நம்ம ஏரிக்கரையிலயும் மதகு பக்கம் ஏழு கல்லு இருந்தா, அங்க மண்ணு தோண்ட யாருக்கும் கை வராது. கரை உடையாம இருக்க அந்தப் பயமும் ஒரு காரணமா இருந்திருக்கும்னு நான் நினைக்கிறேன். கடலூர்ல இருந்து சிதம்பரம் வரை நாலுவழிச் சாலையில பஸ்ல போறப்போ ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பாருங்க. நம்ம சர்வே ஷீட்ல கோயிலுக்குக் குறியீடு இருக்கு, மரத்துக்கு இருக்கு, கிணத்துக்கு இருக்கு. கூரையில்லாத ஏழு செங்கல்லுக்கு எதுவும் இல்ல. அடுத்த சர்வே கேம்ப்ல யாராவது அதையும் ஒரு புள்ளியா குறிச்சுட்டு வாங்களேன், பக்கத்து ஊர் பாட்டிகிட்ட பேரு கேட்டு எழுதி.