குமிழைத் தொட்டது யார்?

2025 செப்டம்பர் 7ஆம் நாள் இரவு நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணத்தை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். அன்று எங்கள் கல்லூரி மொட்டைமாடியில், லென்சுத் தொலைநோக்கியின் பின்முனையில் காமிராவைப் பொருத்தி, மாலை 7.30 மணிக்கே நிலவைத் தெளிவாகக் குவியப்படுத்தி வைத்தோம். 11.30 மணிக்குச் செந்நிலவைப் படமெடுத்தால் எல்லாம் மங்கல்! குவியம் சரிசெய்யும் குமிழை யாருமே தொடவில்லை என்று மாணவர்கள் சத்தியம் செய்தார்கள். உண்மைதான். தொட்டது புவியீர்ப்பு.

தொலைநோக்கியின் பின்முனையில் உள்ளும் வெளியும் நகரும் சிறு குழாய் ஒன்று உண்டு. அதன் நுனியில்தான் காமிரா தொங்குகிறது. சில கருவிகளில் பல்சக்கரம் இக்குழாயை நகர்த்தும். எங்களுடையது கிரேஃபோர்டு வகை. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் வால் என்பவர் 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட அமைப்பு இது. இதில் பற்களே கிடையாது. ஒருபுறம் நான்கு பேரிங்குகள் குழாயைத் தாங்க, மறுபுறம் ஓர் எஃகுத் தண்டு அதை அழுத்திக்கொண்டிருக்கும். தண்டைச் சுழற்றினால் உராய்வினால் குழாய் நகரும். பற்களுக்கிடையே இருக்கும் ஆட்டம் இதில் இல்லை. நகர்ச்சி வெண்ணெய் போல் இருக்கும். ஆனால் காமிராவை நழுவாமல் பிடித்திருப்பதும் அதே உராய்வுதானே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். காமிராவின் நிறை 1.5 கிலோகிராம், எடை சுமார் 15 நியூட்டன். குழாயின் திசையில் இழுக்கும் விசை, இந்த எடையை நிலவின் உயரக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கக் கிடைக்கும். நிலவு 20 பாகை உயரத்தில் இருக்கையில் அது 5 நியூட்டன். 70 பாகைக்கு ஏறியதும் 14 நியூட்டன்! தண்டு 50 நியூட்டன் விசையுடன் அழுத்துகிறது, உராய்வுக் குணகம் 0.2 என்று கொள்வோம். உராய்வு தாங்கக்கூடியது 10 நியூட்டன்தான். ஆகவே ஏறத்தாழ 42 பாகை வரை பேசாமல் இருந்த குழாய், அதற்குமேல் நழுவத் தொடங்கும்.

எவ்வளவு நழுவினால் படம் கெடும்? குவியத் தூரம் லென்சின் விட்டத்தைப்போல் 5 மடங்கு உள்ள தொலைநோக்கியில், பச்சை ஒளிக்கு 0.03 மில்லிமீட்டர் அளவே பிழை பொறுக்கும். தலைமயிரின் தடிமன்கூட இதைவிட அதிகம்! அதனால் குழாயில் பென்சில் கோடு போட்டுக் கண்காணிப்பது பெரிய நழுவலைத்தான் காட்டும். சின்ன நழுவலை அறிய, ஒரு விண்மீனை அரைமணிக்கு ஒருமுறை படமெடுத்து ஒப்பிட வேண்டும்.

பரிகாரம் எளிது. தண்டை அழுத்தும் திருகைச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்; காமிராவை உயர்த்தும்போதும் தண்டு வழுக்காமல் சுழல வேண்டும். அளவுக்கு மீறினால் குழாயில் தடம் பதிந்துவிடும். குழாயைப் பூட்டும் திருகு தனியாக இருக்கும். அதை முறுக்கும்போது குழாய் சற்றே சாயக்கூடும். எனவே பூட்டியபின் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். தண்டில் எண்ணெய் விடவே கூடாது! எங்கள் மாடியில் நடந்த கோளாறில் அதற்கும் பங்கு இருந்தது. யாரோ நல்லெண்ணத்துடன் இரண்டு சொட்டு விட்டிருந்தார்கள். மறுநாள் தண்டையும் குழாயையும் ஸ்பிரிட்டால் துடைத்த பின்னர், அதே காமிராவை உச்சி வானம் நோக்கி நிறுத்தியும் நழுவவில்லை.

2028 டிசம்பர் 31 இரவு மீண்டும் ஒரு முழுச் சந்திர கிரகணம் தமிழ்நாட்டில் தெரியும். நடுக் கிரகணத்தின்போது நிலவு சுமார் 60 பாகை உயரத்தில் இருக்கும். அந்த உயரத்துக்குச் சைன் மதிப்பைப் போட்டு, உங்கள் காமிராவுக்கு எத்தனை நியூட்டன் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வையுங்கள்.