மலைவீட்டில் ஒரு சிறு கடல்: நீரேற்றும் பம்பியைத் தெரிவு செய்வது எப்படி?

மலைநாட்டில் பிறந்தவர்களுக்கு நீரின் இயல்பை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு அது தானே வரும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற வேண்டுமாயின் எவரேனும் பாடுபட்டாக வேண்டும். பீலியில் தானாய் வந்து விழும் நீரைக் குடத்தில் ஏந்தி மேட்டு லயத்துக்குச் சுமந்து சென்ற தாய்மார் இவ்வுண்மையை இடுப்பாலும் முதுகாலும் அறிந்தவர்கள். ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் வட்டவளையிலும் நியதி இதுதான். இல்லத்தில் கடல்மீன்களையும் முருகைகளையும் வளர்க்க விரும்புவோர் முதலிற் கொள்ள வேண்டிய பாடமும் இதுவேயாகும்.

பாடசாலைச் சுற்றுலாவில் தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குச் சென்று, அங்குள்ள மீன்காட்சிச் சாலையின் கண்ணாடிக்கு முன் மெய்ம்மறந்து நின்ற நம் பிள்ளைகள் பலர். அவர்களுள் சிலர் வளர்ந்து, வசதியும் பெற்று, அக்காட்சியைத் தம் வீட்டு முன்மண்டபத்திலேயே காண விழைகின்றனர். விழைவு புதியதன்று. யகார்த்தா நகரிலே லீ சின் எங் என்பவர் உயிர்ப்பாறைகளையும் காற்றுக் குமிழிகளையுமே துணையாகக் கொண்டு முருகைகளைத் தொட்டியில் வாழவைத்தார். அம்முறையை 1961ஆம் ஆண்டில் எழுதியும் வெளியிட்டார். இன்று தொட்டிகள் பெரியவை; கருவிகளும் பல. அவற்றுள் இதயம் போன்றது, நீரை மீள மேலேற்றும் பம்பி.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறாதிருத்தல் தகாது. முருகைக்கல் கல்லன்று, உயிர். 1998ஆம் ஆண்டில் கடல் சூடேறியபோது இக்கடுவை முதலிய இடங்களில் அவை வெளிறி மடிந்ததை நாம் அறிவோம். நம் கடலில் அவற்றைப் பெயர்த்தெடுப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. நாடுகளுக்கிடையேயான வாணிபமும் அனுமதிப் பத்திரத்துக்கு உட்பட்டதே. ஆகவே முறைப்படி பெற்ற உயிரை நம் கவனக்குறைவாற் சாகவிடுவது பணநட்டம் மட்டுமன்று, பழியுமாகும்.

இனி அமைப்பைக் காண்போம். காட்சித்தொட்டியின் விளிம்பால் வழியும் நீர், குழாய் வழியே கீழேயுள்ள அடித்தொட்டிக்குத் தானே இறங்குகிறது. அங்கே அழுக்கு நீங்கி, வேண்டிய அளவு சூடும் பெறுகிறது. பின்னர் பம்பி அதனை மேலே அனுப்புகிறது. இறக்கம் இயற்கையின் வேலை. ஏற்றமே பம்பியின் வேலை.

எவ்வளவு நீர் ஏற வேண்டும்? 180 சென்ரிமீற்றர் நீளமும், 60 அகலமும், 60 உயரமும் உடைய தொட்டி 648 லீற்றர் கொள்ளும். மணிக்கு மூன்று முதல் ஐந்து தடவை நீர் சுற்றிவந்தால் போதுமென்பது இன்று பலரும் கைக்கொள்ளும் அளவு. ஐந்து தடவை என்று கொண்டால் மணிக்கு 3240 லீற்றர். முருகைகளுக்கு வேண்டிய வலிய அலையோட்டத்தையும் இப்பம்பியே தரவேண்டுமென்று எண்ணுவது வீண்செலவுக்கு வழி. அதற்கெனத் தொட்டிக்குள்ளே தனியாக அலைப்பம்பிகள் வைப்பர்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பேரெண்ணைக் கண்டு மயங்கற்க. மணிக்கு 6000 லீற்றர் என்பது, பம்பி சிறிதும் உயரம் ஏற்றாத நிலையில் தரும் அளவு. உயரம் கூடக்கூட நீர் குறையும்; ஓர் எல்லையில் முற்றாக நின்றுவிடும். அடித்தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டி வரை 1.5 மீற்றர் உயரம் என்க. குழாயின் உராய்வும், ஒவ்வொரு வளைவும் மேலும் சுமை ஏற்றும். எனவே 2 மீற்றர் என்று கணக்கிட்டு, அவ்வுயரத்தில் எத்தனை லீற்றர் கிடைக்கும் என்பதைப் பம்பியுடன் வரும் வரைபடத்திற் பார்த்தே வாங்க வேண்டும். குழாயை ஒடுக்காமலும், வளைவுகளைக் குறைத்தும் பொருத்தினால் சிறிய பம்பியே போதுமானதாகலாம்.

பம்பிகள் இருவகைப்படும். ஆடலோட்ட மின்னில் இயங்குவன ஒருவகை. இவற்றின் சுழல்வேகம் மின்னின் அதிர்வெண்ணைப் பின்பற்றுவது. நம் நாட்டின் 50 ஏட்சு மின்னில் அது மாறாத வேகம். விலை குறைவு, உழைப்பும் நீடித்தது. நீரைக் குறைக்க வேண்டின் வால்வைத் திருகுதலே வழி. மற்றவை நேரோட்ட மின்னில் இயங்குவன. பெரும்பாலும் 24 வோற்று மின்னில், ஒரு கட்டுப்படுத்தும் கருவியின் ஆணைப்படி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் இயங்கும். மீனுக்கு உணவிடும்போது பத்து நிமிடம் ஓய்வு கொள்ளும், மெல்லத் தொடங்கும், ஓசையும் குறைவு. சீனத்து ஜெபாவோ, இத்தாலியின் சிச்சே, அமெரிக்க எக்கோரெக், செர்மனியின் அபிஸ் என விலைக்கேற்பப் பலவுண்டு.

ஆயின் வேகத்தைக் குறைப்பதில் ஒரு சூட்சுமம் உளது. வேகம் பாதியானால் நீரின் அளவு பாதியாகும். ஏற்றும் உயரமோ நாலிலொன்றாகும். முழு வேகத்தில் 5 மீற்றர் ஏற்றும் பம்பி, பாதி வேகத்தில் 1.25 மீற்றரே ஏற்றும். நம் தொட்டி 1.5 மீற்றர் உயரத்தில் இருப்பதால் ஒரு துளியும் மேலே வாராது! அதே பம்பி எண்பது வீத வேகத்தில் 3.2 மீற்றர் ஏற்ற வல்லது. ஆகவே வேண்டிய நீரை முக்கால் வேகத்துக்கும் எண்பது வீதத்துக்கும் இடையில் தரக்கூடிய பம்பியே தக்கது. வேகம் குறைந்தால் மின்செலவு அதனினும் விரைவாகக் குறையும் என்பது இதன் நற்பயன். 100 வாற்றுப் பம்பி இரவும் பகலும் ஓடினால் 30 நாளில் 72 அலகு மின் செலவாகும். 40 வாற்று எனில் ஏறத்தாழ 29 அலகே. நீருள் மூழ்கிய பம்பி உண்ணும் மின் அநேகமாக முழுவதும் நீரிற் சூடாகவே சேரும். கொழும்பில் அது தொல்லை. நம் குளிர்மலையில் அத்துணைத் தொல்லையில்லை. எனினும் மின்கட்டணம் எங்கும் ஒன்றே.

மின்தடையை மறந்து பம்பி வாங்குவது குடையை மறந்து வட்டவளைக்கு வருவது போலாகும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததென்று கூறி நாடே இருளில் மூழ்கியது. பம்பி நின்றதும் மேல்நீர் குழாய் வழியே பின்னோக்கி வழியும். நம் தொட்டியில் ஒவ்வொரு சென்ரிமீற்றர் நீரும் 10.8 லீற்றர். நீர் விழும் குழாய்வாய் 3 சென்ரிமீற்றர் மூழ்கியிருந்தால் 32 லீற்றருக்கு மேல் கீழிறங்கும். அதனை ஏற்க அடித்தொட்டியில் வெற்றிடம் இல்லையாயின் முன்மண்டபமே கடலாகும். குழாய்வாயை நீர்மட்டத்துக்கு அருகில் வைப்பதே நம்பத்தக்க காப்பு. ஒருவழி வால்வில் சுண்ணாம்பு படிந்து அடைபடாமற் போகலாமாதலால் அதனை மட்டும் நம்பலாகாது. தொட்டியை நிரப்பியதும், வீட்டார் அனைவரும் அருகிருக்கையில் மின்னை நிறுத்திப் பார்த்துவிடுதல் நலம்.

மின்தடையில் உயிர்களை முதலில் வருத்துவது பிராணவாயுக் குறைவு. நேரோட்டப் பம்பி சிலவற்றைப் பற்றரியில் மெதுவாக ஓட்டலாம், வாங்குமுன் கேட்டறிக. அதற்கு வசதியில்லாதோர் பற்றரியில் இயங்கும் சிறு காற்றுப்பம்பி ஒன்றையேனும் வைத்திருத்தல் வேண்டும். சூடேற்றியும் நின்றுவிடுமாதலால், மார்கழிக் குளிரில் தொட்டியைக் கம்பளியாற் போர்த்தி வைப்பதும் நன்று. காற்றுப் புக மேற்புறத்தில் இடைவெளி விடுக.

கிணற்று நீர் இறைக்கும் வீட்டு மோட்டரைக் கொண்டு சமாளிக்கலாமென்று எண்ண வேண்டா. உப்புநீர் உலோகத்தை அரிக்கும். செம்பு சிறிதளவு கரைந்தாலும் முருகைகளுக்கு நஞ்சு. கடல்நீருக்கென்றே ஆக்கப்பட்டதையே வாங்குக. மூன்று நான்கு மாதத்துக்கொருமுறை கழற்றி, நீர் கலந்த வினாகிரியில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்குக. மின்கம்பி, செருகியை அடையுமுன் சற்றுத் தாழ்ந்து தொங்கட்டும். வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். மின்கசிவுக்குத் துண்டிக்கும் ரிப் சுவிச்சு இன்றியமையாதது.

இறுதியாக, குடும்பத்தார்க்கு ஒரு சொல். கையிருப்பு முழுவதையும் ஒரே விலையுயர்ந்த பம்பியிற் போட்டுவிட்டு, அது பழுதுறும் நாளில் கொழும்புக்கு இரயிலேறுவதினும், நடுத்தர விலையில் ஒன்றைப் பூட்டி, மற்றொன்றைப் பெட்டியில் வைத்திருப்பதே மலைவாசிகளுக்கு உகந்தது. மாற்றுப் பம்பிக்குப் பணமில்லையெனில் முருகைகளை வாங்கும் நாளைச் சிறிது தள்ளிப் போடலாம். வெறும் தொட்டி காத்திருக்கும், உயிர் காத்திராது.